டாஸ் 386, விண்டோஸ் 98, அப்புறம் ஒரு பிபிசி மைக்ரோ: கண்காணிப்பு மென்பொருளில் தெரிய பிங் போதுமா?

கேள்வி, குடியாத்தத்திலிருந்து
1 மார்ச்

வீட்டில் லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஓடுகிறது. ரவுட்டர், ஸ்விட்ச், கேமரா டிவிஆர் எல்லாம் அதன் திரையில் பச்சையாக, அதாவது உயிரோடு, நிற்கின்றன. அலமாரியில் ஒரு டாஸ் 386-ம் விண்டோஸ் 98 போட்ட பென்டியம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் நெட்வொர்க் கார்டு உண்டு. அவற்றையும் அந்தப் பட்டியலில் பார்க்க ஆசை. பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்டால் வரும் பதில், வந்தால் போதும், மெஷினின் நிலையை விவரமாகக் கேட்கும் எஸ்என்எம்பி எல்லாம் இந்தக் கிழங்களுக்கு வேண்டாத சுமை என்று நினைக்கிறேன். சரிதானே அண்ணே?

1 மார்ச், இரவு 10.20

பாதி சரி தம்பி. 98 பிங்குக்குத் தானாகவே பதில் சொல்லும், அதில் வித்தை எதுவும் இல்லை. 386-ல்தான் வேலை. டாஸுக்கு நெட்வொர்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கார்டுக்கு ஏற்ற பாக்கெட் டிரைவரை முதலில் ஏற்ற வேண்டும். என்இ2000 வகைக் கார்டாக இருந்தால் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரே வரிதான்: டிரைவர் பெயர், இன்டர்ரப்ட் ஹெக்ஸ் 60, ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் வரியின் எண்), முகவரி ஹெக்ஸ் 300. அதற்கு மேல் மைக்கேல் பிரட்மேன் எழுதிய எம்டிசிபி, டாஸுக்கான நெட்வொர்க் நிரல்களின் தொகுப்பு. இவ்வளவும் ஏற்றிவிட்டு மெஷினைச் சும்மா விட்டால் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டு கிடக்கும்.

1 மார்ச், இரவு 10.55

மேலே கடைசி வரி தப்பு. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

டாஸில் ஐபி முகவரி மெஷினுக்குச் சொந்தமில்லை, அந்த நேரத்தில் ஓடும் நிரலுக்குத்தான் சொந்தம். பாக்கெட் டிரைவர் வெறும் தபால்காரர். கடிதத்தைப் பிரித்துப் பதில் எழுத வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எம்டிசிபியின் எஃப்டிபி சர்வர் (கோப்பு பரிமாறும் நிரல்) ஓடும்வரை பிங்குக்குப் பதில் வரும். அதை விட்டு வெளியே வந்து கோப்புப் பட்டியல் பார்த்தால்கூட மெஷின் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும். என் 386-ல் ஆட்டோஎக்ஸெக்கின் கடைசி வரியே எஃப்டிபி சர்வர்தான். ஏற்றியதும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது சிவப்பானால் மெஷின் செத்துவிட்டது என்று நான் பதறுவதில்லை. என் பேரன் மேலே போய் ஏதோ விளையாடுகிறான் என்று அர்த்தம். அந்த வகையில் மோசமான கண்காணிப்பும் இல்லை.

இன்னொன்று. ஐஆர்க்யூ 3 போடாதே. காம்2 போர்ட்டும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே சீரியல் மவுஸ் செருகியிருந்தால் மவுஸை அசைத்த கணம் நெட்வொர்க் நிற்கும், இல்லையென்றால் மெஷினே நிற்கும்.

2 மார்ச், காலை

"வேண்டாத சுமை" என்று எழுதியிருந்தாயே, அது மனதில் நின்றுவிட்டது. 386 சிப் 1985-ல் வந்தது. எஸ்என்எம்பியின் முதல் வரையறை 1988. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள். அந்தக் காலத்து நினைவகமும் வேகமும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அதை எளிமையாக வைத்தார்கள். யூடிபி போர்ட் 161-ல் ஒரு கேள்வி போகும், ஒரு பதில் வரும், அவ்வளவுதான். சுமை என்றால் இன்றைய மென்பொருள் கேட்கிற கேள்விகளின் எண்ணிக்கைதான் சுமை. புது டிவைஸைச் சேர்த்ததும் அது என்ன ஏது என்று லிப்ரெஎன்எம்எஸ் வீடு முழுக்க ஒரு சுற்று வரும். சிஸ்கோவா, பேட்டரி இருக்கிறதா, மின்விசிறி சுற்றுகிறதா என்று ஒவ்வொரு அட்டவணையாகக் கேட்கும். கல்யாண வீட்டில் பெரியவர்கள் விசாரிக்கிற மாதிரி. கிழம் பதில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து "பதில் இல்லை" என்று குறித்துக்கொள்ளும். வேண்டாத மாட்யூல்களை அணைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடு.

2 மார்ச், இரவு

விண்டோஸ் 98. இதற்கு ஏஜென்ட் (எஸ்என்எம்பி கேள்விக்குப் பதில் சொல்லும் நிரல்) எங்கேயும் தேட வேண்டாம், சிடியிலேயே இருக்கிறது. டூல்ஸ், அதற்குள் ரெஸ்கிட், அதற்குள் நெட்அட்மின், அதற்குள் எஸ்என்எம்பி. (95 சிடி வைத்திருப்பவர்களுக்கு: அட்மின், நெட்டூல்ஸ், எஸ்என்எம்பி.) கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க், ஆட், சர்வீஸ், ஹேவ் டிஸ்க் என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டினால் ஏறிக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்.

இனி நான் இரண்டு மணி நேரம் தொலைத்த இடம். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் சேர்க்கும்போது எஸ்என்எம்பி பதிப்பு வி2சி என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டேன். பதில் வரவில்லை. தப்பு என்றுகூடச் சொல்லவில்லை, முழு மௌனம். கேபிளை மாற்றினேன், கார்டைக் கழற்றி எரேசரால் தேய்த்தேன், ஸ்விட்ச் மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அந்த ஏஜென்டுக்கு வி1 மட்டும்தான் தெரியும். தெரியாத பதிப்பில் கேள்வி வந்தால் கீழே போட்டுவிடும், "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும் வழக்கமே அதற்குக் கிடையாது. வி1 என்று மாற்றினேன், அடுத்த நொடி பெயரும் ஓடிய நேரமும் வந்து நின்றன.

வந்ததும் அதிகம் எதிர்பார்க்காதே. என்னிடம் வந்தவை பெயர், ஓடும் நேரம், கார்டு வழியாகப் போன வந்த பைட்டுகள். வி1-ல் பைட் எண்ணிக்கை 32 பிட்தான், 4 ஜிபி தாண்டினால் சுழியத்துக்குத் திரும்பும். இன்றைய ஜிகாபிட் போர்ட்டில் அது 34 நொடியில் நடக்கும். நம் 10 மெகாபிட் கார்டில் முழு வேகத்தில் ஓடினாலும் 57 நிமிஷம் ஆகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருளுக்கு அது தாராளம். இந்த ஒரு விஷயத்தில் மெதுவாக இருப்பதே லாபம்.

3 மார்ச்

காட்பாடியிலிருந்து ஒரு மாணவர் பாதுகாப்பு பற்றிக் கேட்கிறார். சரியான கேள்வி. வி1-ல் கடவுச்சொல் என்பது "பப்ளிக்" என்று திறந்த தபாலில் போகும் ஒரு சொல். தனி விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டு, கண்காணிக்கும் மெஷின் மட்டும் அங்கே எட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். இணையத்துக்கு அந்த விலானிலிருந்து வழியே இல்லை. 98-ஐ வெளியே விடுவதும் வேலூர் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதும் ஒன்றுதான்.

6 மார்ச்

"இதெல்லாம் எதற்கு சார், மெஷின் மாடியில்தானே இருக்கிறது, ஏறிப் போய்ப் பார்த்தால் தெரியாதா?" என்று ஒருவர்.

முதலாவது, சத்துவாச்சாரியில் மொட்டை மாடி அறைக்கு மே மாதம் மத்தியானம் ஏறிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பழசு. 1990-களின் நடுவில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். பதினோரு மெஷின், ஒரே கோஆக்ஸ் கேபிள் ஒவ்வொரு மேஜையாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டி கனெக்டர், இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். நடுவில் ஒரு இடத்தில் கழன்றால் அந்த மெஷின் மட்டும் போகாது, பதினொன்றும் போகும். ஷிப்பிங் பிரிவில் ஒருவர் காலை நீட்டி உட்காரும் பழக்கம் உள்ளவர். அவர் கால் பட்டால் கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ் நிற்கும். கணக்குப் பிரிவுக்காரர் என்னைத் திட்டுவார். கால் நீட்டியவர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்.

அப்போது கண்காணிப்பு மென்பொருள் என்றால் நானும் ஒரு மல்டிமீட்டரும்தான். டி கனெக்டரின் நடு முள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்தால் 25 ஓம் காட்ட வேண்டும், இரண்டு 50 ஓம் பக்கவாட்டில் சேர்ந்த கணக்கு. 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பிறகு மேஜை மேஜையாகக் குனிந்து போக வேண்டும். எம்ஆர்டிஜி என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் 1995-லேயே வந்துவிட்டது என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

எந்த மெஷின் எப்போது விழுந்தது என்று ஒரு திரையில் பார்க்கும் ஆசை அன்றைக்கே இருந்தது. அந்த மெஷின்கள் ஓய்வு பெற்ற பிறகு, நானும் ஓய்வு பெற்ற பிறகு, இப்போது நிறைவேறுகிறது.

10 மார்ச்

சின்ன விஷயம். பழைய லேசர்ஜெட் ஒன்று, உள்ளே ஜெட்டைரக்ட் நெட்வொர்க் கார்டோடு, காயலான் கடையில் கிடைத்தது. ஐபி கொடுத்ததும் எஸ்என்எம்பிக்கு அதுவாகவே பதில் சொல்லிற்று. இந்த வீட்டில் நான் மெனக்கெடாமல் பச்சையான ஒரே கிழம். பிரின்ட் மட்டும் வரவில்லை, ரோலர் போய்விட்டது.

17 மார்ச்

இப்போது நிஜமான பிடிவாதம். என்னிடம் ஒரு பிபிசி மைக்ரோ, மாடல் பி, பிரிட்டிஷ் கணினி. 1984-ல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தபோது வந்த வகை. 2 மெகாஹெர்ட்ஸ் 6502, 32 கேபி நினைவகம். என்னுடையது ஒரு பாய் நடத்தும் காயலான் கடையில், தையல் மெஷின் தலைகளுக்கு நடுவில் கிடந்தது. எடைக்குத்தான் வாங்கினேன். முதல் நாள் கரண்ட் கொடுத்த பத்தாவது நிமிஷம் பவர் சப்ளையில் ஒரு வடிகட்டி கெபாசிட்டர் புகை விட்டு அறையையே நாற அடித்தது. இந்த மெஷின்களுக்கு அது ஊரறிந்த நோய். மாற்றிவிட்டேன்.

இதில் ஈதர்நெட் கிடையாது. ஆனால் பின்னால் சீரியல் போர்ட் உண்டு. அதனால் ஏற்பாடு இப்படி: பிபிசி தன் நிலையை நிமிஷத்துக்கு ஒருமுறை சீரியலில் ஒரு வரியாகச் சொல்லும். பக்கத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் கணினி) அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பையில் நெட்எஸ்என்எம்பி என்ற ஏஜென்ட். எஸ்என்எம்பியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் "பாஸ்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே கேள்வி வந்தால் நம் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். ஸ்கிரிப்ட் மூன்று வரி சொன்னால் போதும்: எண், வகை, மதிப்பு. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்று குழம்ப வேண்டாம். அந்த மென்பொருள்காரர்களே விளையாடிப் பார்க்க ஒரு கிளை ஒதுக்கியிருக்கிறார்கள்: 1.3.6.1.4.1.8072.9999.9999. அங்கே யாரும் வந்து இடம் கேட்க மாட்டார்கள்.

பிபிசி தனி மெஷினாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பைக்கு இரண்டாவது ஐபி முகவரி ஒன்று கொடுத்தேன். அந்த முகவரியில் தனியாக ஒரு ஏஜென்ட். பெயர் "பிபிசி", இடம் "மாடி". லிப்ரெஎன்எம்எஸ்ஸில் சேர்த்தேன், பச்சை. கீழே போய் வீட்டில் காட்டினேன். "இதுக்கா மூணு நாளா சாப்பிட வரல" என்றார்கள்.

பிபிசி பக்கத்து நிரல் பத்து வரிதான். ஸ்டார் எஃப்எக்ஸ் 8,7 போட்டால் அனுப்பும் வேகம் 9600. ஸ்டார் எஃப்எக்ஸ் 3,1 போட்டால் திரையில் விழுவதெல்லாம் சீரியலிலும் போகும். அப்புறம் பேசிக் மொழியில் மெஷின் ஓடிய நேரத்தை வைத்திருக்கும் டைம் மாறியை பிரின்ட் செய்து ஒரு நிமிஷம் காத்திருக்கும் சுற்று.

18 மார்ச்

மூன்று நாளில் ஒன்று எங்கே போயிற்று என்று சொல்லவில்லை. அந்த சீரியல் சாக்கெட்டில் ஐந்து ஓட்டை, பகடையில் ஐந்து விழுந்த மாதிரி. பிளக்கைத் தலைகீழாகத் திருப்பினாலும் அழகாக உட்காரும். உட்கார்ந்தது, ஒன்றும் வரவில்லை. ஒரு மாலை முழுக்க நிரலைத் திருத்தினேன். பிளக் மேல் பகுதியில் இப்போது நெயில் பாலிஷ் புள்ளி வைத்திருக்கிறேன். செருகிப் பார்த்து வரவில்லை என்றால் முதலில் திருப்பிப் பாருங்கள், பிறகு நிரலைத் திட்டலாம்.

2 ஏப்ரல்

ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது, இரண்டு நாளாகச் சந்தோஷம். எஸ்என்எம்பியில் மெஷின் ஓடிய நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுவார்கள். பிபிசி பேசிக்கில் டைம் மாறியும் நூறில் ஒரு பங்குதான்! பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம், வந்ததை அப்படியே தூக்கிக் கொடுக்கலாம். 1981-ல் வந்த மெஷின் 1988-ல் வந்த நெறிமுறையின் மொழியில் நேரம் சொல்கிறது.

2 ஏப்ரல், அரை மணி கழித்து

"அப்படியே" இல்லை. எஸ்என்எம்பி எண் குறியில்லாதது, 497 நாள்வரை போகும். பேசிக்கின் முழு எண்ணுக்கு மைனஸும் உண்டு, அதனால் பாதியிலேயே, 248 நாள் தாண்டியதும், மைனஸில் பாயும். இருபது நிமிஷம் தொடர்ந்து கரண்ட் இருந்தால் கொண்டாடுகிற தெருவில் 248 நாள் பற்றி நான் கவலைப்படுவது தமாஷ்தான். ஆனாலும் சோதிக்க வழி உண்டு. பேசிக்கில் டைம் மாறிக்கு நாமே மதிப்புக் கொடுக்கலாம். 2147483347 என்று கொடுத்துவிட்டு மூன்று நொடி காத்திருந்தேன். திரையில் மைனஸ் எண். பை ஸ்கிரிப்டில் மைனஸ் வந்தால் 4294967296 கூட்டு என்று ஒரு வரி சேர்த்தேன், சரியாயிற்று.

98 வைத்திருப்பவர்களுக்கு இதன் சொந்தக்காரக் கதை தெரிந்திருக்கும். அது ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணும், அதனால் 49.7 நாளில் எண் நிரம்பிவிடும். திருத்தம் போடாத 95-ம் 98-ம் அத்தோடு உறைந்து நின்றன. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆயிற்று. 98-ஐ அத்தனை நாள் விழாமல் ஓட்டிய ஆள் யார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

21 ஏப்ரல்

மார்ச் 17 குறிப்பை நம்பி யாராவது செய்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெளியூர் போயிருந்தேன். ஞாயிறு இரவு திரும்பி வந்து திரையைப் பார்த்தால் எல்லாம் பச்சை. மாடிக்கு ஏறினால் பிபிசி செத்துக் கிடக்கிறது. வெள்ளி சாயங்காலமே மின்தடையில் போயிருக்கிறது. கரண்ட் திரும்பியபோது எழுந்திருக்கும், ஆனால் நிரலை யார் ஓட்டுவது? வெறும் பேசிக் திரையோடு நின்றிருக்கிறது. பிறகு எப்போதோ ஃபியூஸும் போயிருக்கிறது. இரண்டு நாளாக அது உயிரோடு இருப்பதாக லிப்ரெஎன்எம்எஸ் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அது பொய் சொல்லவில்லை, நான்தான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பிங்குக்குப் பதில் சொன்னது பை. பை யூபிஎஸ்ஸில் இருக்கிறது. எஸ்என்எம்பிக்குப் பதில் சொன்னதும் பை, வெள்ளிக்கிழமை கேட்டு எழுதி வைத்த கடைசி வரியை இரண்டு நாள் திருப்பித் திருப்பி ஒப்பித்திருக்கிறது. ஓடிய நேரத்துக்கான வழக்கமான இடத்தில், அந்த 1.3.6.1.2.1.1.3.0-ல், தெரிந்த நேரமும் பையின் ஏஜென்ட் ஓடிய நேரம்தான், பிபிசியுடையது இல்லை. போன மாதமே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோவில். (சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டது, ஆறுதான் இன்னும்.) அந்தப் பட்டியலில் மெஷின் இல்லாத பச்சைப் புள்ளியையும் நான் சேர்த்துவிட்டேன்.

குடியாத்தம் தம்பி, உன் முதல் கேள்விக்கு இப்போதுதான் எனக்குச் சரியான பதில் கிடைத்திருக்கிறது. பிங்கா எஸ்என்எம்பியா என்பது இல்லை சங்கதி. பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார். உன் 386 பிங்குக்குச் சொல்லும் பதில் அதன் சொந்த வாய். என் பிபிசியின் எஸ்என்எம்பி வாடகை வாய். அந்த அளவில் உன் பிங் என் ஏற்பாட்டைவிட யோக்கியமானது.

23 ஏப்ரல்

சரிசெய்தது இப்படி.

ஸ்கிரிப்ட் இப்போது கடைசி வரி வந்த நேரத்தைப் பார்க்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் பழசு என்றால் வாயைத் திறக்காது. பாஸ் கட்டளையில் ஸ்கிரிப்ட் ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால் "அப்படி ஒன்று இல்லை" என்று கேட்டவருக்குப் பதில் போகும். அது போதாது, ஏனென்றால் பிங் அப்போதும் போகும், பச்சை அப்படியே நிற்கும். அதனால் இன்னொரு வேலை: பத்து நிமிஷம் பிபிசி பேசவில்லை என்றால் பை அந்த இரண்டாவது ஐபி முகவரியையே கழற்றிவிடுகிறது. பிபிசி மறுபடி பேசினால் மாட்டிவிடுகிறது. முகவரி இல்லை, பிங் இல்லை, சிவப்பு.

பிபிசி பக்கத்திலும் ஒன்று. டைமோடு கூட ஒரு எண்ணைச் சுற்றுக்கு ஒன்றாகக் கூட்டி அனுப்புகிறேன். அது மாறாமல் வந்தால் பை அதையும் மௌனமாகவே கணக்கில் வைக்கும். கரண்ட் திரும்பியதும் நிரல் தானாக ஓட டிஸ்கில் பூட் கோப்பு வைத்தாயிற்று.

செய்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எல்லா மெஷினையும் சேர்த்து, பச்சையானதைக் கொண்டாடிவிட்டு, ஒன்றையாவது பிடுங்கிப் பார்த்தேனா? இல்லை. பதிமூன்றாவது நிமிஷம் சிவப்பு வந்தது. பத்து நிமிஷம் என் ஸ்கிரிப்ட், மீதி லிப்ரெஎன்எம்எஸ் அடுத்த சுற்று வரும்வரை.

9 மே

அக்னி நட்சத்திரம். மாடி அறை பற்றி மார்ச்சில் சொன்னேன் அல்லவா, இப்போது எண்ணோடு சொல்கிறேன். பிபிசியின் பின்னால் அனலாக் போர்ட் ஒன்று உண்டு, ஜாய்ஸ்டிக் செருக வைத்தது. நான்கு உள்ளீடு, 12 பிட். எல்எம்35 என்று மூன்று கால் சென்சார், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். போர்ட்டிலேயே 5 வோல்ட் இருக்கிறது, தனி சப்ளை வேண்டாம். போர்ட்டின் முழு அளவு 1.8 வோல்ட், பேசிக்கில் அது 65520 என்று வரும். ஆக டிகிரிக்கு 364. வகுத்து, சீரியலில் டைமுக்குப் பக்கத்தில் அனுப்பினால் போதும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் கஸ்டம் ஓஐடி என்று, நாமே எண்ணைக் கொடுத்துக் கேட்கும் ஒரு வசதி இருக்கிறது, அதில் சேர்த்தால் வரைபடமே வருகிறது.

இன்று மூன்று மணிக்கு 44 காட்டிற்று. மாடி அறையில் இன்னொருவருக்கும் பிரயோஜனமான ஒரு வேலையைச் செய்கிற ஒரே மெஷின் இதுதான். 98 தன்னைப் பற்றி மட்டும்தான் பேசும்.

10 மே

ஆம்பூரிலிருந்து ஒருவர், 44 டிகிரியில் பழைய மெஷின்களை ஓட விடுவது பாவம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன் பாய். பதினொரு மணி முதல் ஐந்து மணிவரை 386-ஐயும் 98-ஐயும் அணைத்துவிடுகிறேன், அந்த நேரத்துக்கு மென்பொருளில் பராமரிப்பு என்று குறித்திருக்கிறேன். பிபிசி மட்டும் ஓடுகிறது, அதை அணைத்தால் யார் வெப்பம் சொல்வது?

12 மே

காட்பாடி மாணவர் என் வெப்பமானியைக் கவிழ்த்துவிட்டார். அந்த 1.8 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். மூன்று சாதாரண டயோடு வரிசையாக. டயோடு சூடானால் அதன் வோல்ட் குறையும், ஒவ்வொன்றும் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். மூன்றுக்கும் சேர்த்து 6. பெட்டிக்குள் 15 டிகிரி கூடினால் 90 மில்லிவோல்ட், அதாவது அளவுகோலே 5 சதவீதம் சுருங்கிவிட்டது. அளவுகோல் சுருங்கினால் அளவு கூடித் தெரியும். நாற்பதில் இரண்டு டிகிரி அதிகம்.

ஆக 44 என்பது 42 ஆக இருக்கலாம். சந்தைக்குப் போய் பத்து ரூபாய்க்கு பாதரசமில்லாத சுவர் வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டப் போனேன், பத்து ரூபாய்க்குக் கிடைக்கவில்லை, நூற்றிருபது. அது 42 காட்டுகிறது. மாணவருக்கு ஒரு ஆற்காடு மக்கன் பேடா கடன்.

இதையும் ஸ்கிரிப்டில் கழித்துக் காட்டலாம். கழிக்கவில்லை. பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அளக்காமல் ஒரு எண்ணைக் கழிப்பது பழைய ஒப்பிக்கும் வேலைதான். வரைபடத்தின் தலைப்பை "மாடி வெப்பம் (பிபிசி சொல்வது)" என்று மாற்றிவிட்டேன்.

26 மே

ஸ்விட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு: புது மல்டிகிக் (ஒரு ஜிகாபிட்டுக்கு மேலும் போகும்) ஸ்விட்சுகளில் சிலது 10 மெகாபிட்டை அடியோடு விட்டுவிட்டன. என்இ2000-ஐச் செருகினால் விளக்கே எரியாது. பழைய 10/100 ஸ்விட்ச் ஒன்றை இடையில் போட்டால் தீர்ந்தது. வாங்கும் முன் பெட்டியில் 10 இருக்கிறதா என்று பாருங்கள்.

3 ஜூன்

குடியாத்தம் தம்பியிடமிருந்து தகவல். 386 பச்சை, 98 பச்சை. 98-ல் முதலில் வி2சி போட்டு ஒரு மணி நேரம் போயிற்றாம். மேலே எழுதியதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன், "படிச்சேன்ணே, உங்களுக்கு மட்டும்தான் அப்படி ஆகும்னு நெனச்சேன்" என்கிறான்.

386-ன் மதர்போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது, என்ன செய்வது என்று படம் அனுப்பியிருக்கிறான். அந்தப் பீப்பாய் பேட்டரி ஒழுகியிருக்கிறது தம்பி, இன்றைக்கே வெட்டி எடு. வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு நன்றாகக் காய வை. இந்தப் பச்சையை மட்டும் எந்த மென்பொருளும் காட்டாது, மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

3 ஜூன், இரவு

கேட்க மறந்துவிட்டேன். இரண்டையும் பிடுங்கிப் பார்த்தாயா? எத்தனையாவது நிமிஷத்தில் சிவப்பு வந்தது?

4 ஜூன்

98 ஐந்து நிமிஷத்தில் சிவப்பாம். 386-ஐ மறந்து டிவிஆர் பிளக்கைப் பிடுங்கிவிட்டானாம். அதுவும் சிவப்பானது, அப்பாவும் சிவப்பானாராம்.